பழைய டேட்டாபேஸுக்குப் புதுத் திரைகள்: எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது?

கொழும்பு 12, பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். களஞ்சியம் பேலியகொடையில். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் ஒருவர் எழுதிக் கொடுத்த விற்பனை மென்பொருள் இன்னும் ஓடுகிறது. அதற்குப் பின்னால் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ், அதில் 60 டேபிள். எழுதியவர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார். கடையிலிருந்தும் களஞ்சியத்திலிருந்தும் பிரவுசரில் திறந்து வேலை செய்யும்படி புதுத் திரைகள் வேண்டும் என்கிறார் முதலாளி. உள்ளே இருக்கும் தரவு ஒன்றும் தொலையக் கூடாது. வேலைக்கு இருப்பது ஒரே ஒரு டெவலப்பர், அவரும் பகுதி நேரம்.

புறக்கோட்டை, செட்டியார் தெரு, கொட்டாஞ்சேனை என்று எந்தப் பக்கம் போனாலும் இதே நிலைமையில் கடைகளும் சிறு கொம்பனிகளும் இருக்கின்றன. ஒரு டேபிளுக்குப் பட்டியல், தேடல், புதிய பதிவு, திருத்தம் என்று நான்கு திரை வைத்தாலே 60 டேபிளுக்கு 240 திரை. அத்தனையையும் கையால் எழுதத் தேவையில்லை. டேட்டாபேஸின் அமைப்பைப் படித்து, திரைகளையும் அவற்றுக்கான புரோகிராம் கோடையும் தானாக உருவாக்கித் தரும் கருவிகள் நிறைய உண்டு. அவற்றில் பல இலவசம். எதை எடுப்பது என்பதுதான் கேள்வி.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் நாள் செய்து காட்டும்போது எல்லாக் கருவியும் நன்றாகத்தான் இருக்கும். பட்டனை அழுத்தினால் பத்து நிமிடத்தில் திரைகள் வந்து நிற்கும், முதலாளி சந்தோஷப்படுவார். ஆனால் ஆறு மாதம் கழித்து டேபிளில் ஒரு கொலம் கூட்ட வேண்டி வரும். அதற்குள் அந்தத் திரைகளில் நீங்கள் கையால் எவ்வளவோ திருத்தியிருப்பீர்கள். மறுபடி பட்டனை அழுத்தினால் அந்தத் திருத்தங்களுக்கு என்ன நடக்கும்? ஒப்பிடும்போது முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். வேகம், அழகு, விலை எல்லாம் அப்புறம்.

கருவி எதைப் பார்க்கிறது

கருவிகளைப் பார்ப்பதற்கு முன் டேட்டாபேஸைப் பார்க்க வேண்டும். பலர் தாண்டிப் போகும் இடம் இது.

எல்லாக் கருவியும் ஒரே ஆதாரத்தில்தான் தொடங்குகிறது. டேட்டாபேஸ் தன் அமைப்பைப் பற்றியே ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. டேட்டாபேஸோடு பேசும் மொழியான எஸ்கியூஎல்லின் 1992 ஆம் ஆண்டுத் தரநிலையில் இதற்கு இன்ஃபொர்மேஷன் ஸ்கீமா என்று பெயர் வைத்தார்கள். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்கியூஎல் சேர்வர் ஆகிய மூன்று டேட்டாபேஸ் மென்பொருளிலும் அது உண்டு. ஒரக்கிளில் அதே வேலையை டேட்டா டிக்‌ஷனரி செய்கிறது. கொலத்தின் பெயர், வகை, நீளம், வெறுமையாக விடலாமா, பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் கொலம்) எது, எந்தக் கொலம் எந்த டேபிளைச் சுட்டுகிறது என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். கருவி அதைப் படித்துத் திகதிக் கொலத்துக்கு நாட்காட்டி வைக்கும், நொட் நல் (வெறுமையாக விடக் கூடாது) என்றால் கட்டாயம் நிரப்பச் சொல்லும், ஃபொரின் கீ (மற்ற டேபிளைச் சுட்டும் கொலம்) இருந்தால் மற்ற டேபிளிலிருந்து தெரிவு செய்யும் பெட்டி போடும்.

அந்தப் பதிவேட்டில் எழுதப்படாத எதையும் கருவி அறியாது. பழைய மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ்களில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 2010 இல் வந்த 5.5 பதிப்புக்கு முன் புதிய டேபிள்கள் தானாக மைஐசாம் என்ற சேமிப்பு வகையில் உருவாகின. மைஐசாம் ஃபொரின் கீயை ஏற்காது; எழுதினாலும் பிழை காட்டாமல் விட்டுவிடும். பிறகு சேர்வரை மேம்படுத்தினாலும் பழைய டேபிள்கள் யாராவது மாற்றும்வரை மைஐசாமாகவே கிடக்கும். ஆகவே இன்வொய்ஸ் டேபிளில் இருக்கும் வாடிக்கையாளர் இலக்கம், கருவியின் கண்ணுக்கு வெறும் எண். உருவாகும் படிவத்தில் கடைப் பெயரைத் தெரிவு செய்யும் பெட்டி வராது, 1743 என்று அடிக்க ஒரு கட்டம்தான் வரும். ஒரு கொலத்தில் எந்த மதிப்பு வரலாம் என்று கட்டுப்படுத்தும் செக் விதிகளும் அப்படித்தான். 2019 இல் வந்த 8.0.16 வரை மைஎஸ்கியூஎல் செக் விதியைப் படித்துவிட்டுத் தூக்கிப் போட்டது. டேபிளை உருவாக்கிய பழைய ஸ்கிரிப்டில் இருப்பு பூச்சியத்துக்குக் கீழே போகக் கூடாது என்று எழுதியிருக்கலாம். டேட்டாபேஸில் அது இல்லை.

எனவே முதல் வேலை, டேபிள்களை ஃபொரின் கீயை ஏற்கும் இன்னோடிபி வகைக்கு மாற்றி, உறவுகளை ஃபொரின் கீயாக எழுதுவது. எழுதப் போனால் டேட்டாபேஸ் மறுக்கும், ஏனென்றால் இல்லாத வாடிக்கையாளரைச் சுட்டும் பழைய இன்வொய்ஸ்கள் உள்ளே கிடக்கும். அவற்றைத் தேடி எடுத்து, கணக்குப் பார்ப்பவரோடு உட்கார்ந்து, எது யாருடையது என்று தீர்க்க வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் எந்தக் கருவியை எடுத்தாலும் அதன் பாதி மதிப்பு இந்தச் சுத்திகரிப்பிலிருந்துதான் வருகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது தமிழும் சிங்களமும். மைஎஸ்கியூஎல் 5.7 வரை சேர்வரின் இயல்பான எழுத்துத் தொகுதி லத்தீன்1 (ஐரோப்பிய எழுத்துகளுக்கானது), 8.0 இல்தான் எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் முழு யூடிஎஃப்-8 இயல்பானது. பழைய வலை மென்பொருள்கள் யூடிஎஃப்-8 பைட்டுகளை லத்தீன்1 என்று சொல்லியே உள்ளே போட்டு, அப்படியே வெளியே எடுத்தன. அந்த மென்பொருளில் தமிழ் சரியாகத் தெரியும். புதுக் கருவி நேர்மையாக யூடிஎஃப்-8 என்று சொல்லி இணைந்ததும், அதே பெயர்கள் உச்சிக்குறி போட்ட ஐரோப்பிய எழுத்துக் குவியலாக வரும். பிழை கருவியில் இல்லை. அந்தக் கொலத்தை முதலில் பைனரி (வெறும் பைட்) வகைக்கு மாற்றி, அப்புறம் யூடிஎஃப்-8 எழுத்து வகைக்கு மாற்றினால் சரியாகிவிடும். நேரடியாக மாற்றினால் குவியல் நிரந்தரமாகிவிடும். பாமினி எழுத்துருவில் அடித்துச் சேமித்த பெயர்கள் வேறு விவகாரம். அவை யுனிகோடே அல்ல, எழுத்து எழுத்தாக மாற்ற ஒரு ஸ்கிரிப்ட் வேண்டும்.

நீளத்தையும் கவனியுங்கள். சிவசுப்பிரமணியம் என்ற பெயர் நம் கண்ணுக்கு 10 எழுத்து. யுனிகோடில் 16 குறியீடு, யூடிஎஃப்-8 இல் 48 பைட். மைஎஸ்கியூஎல்லும் போஸ்ட்கிரெஸ்ஸும் கொலத்தின் நீளத்தைக் குறியீடுகளாக எண்ணும், ஆகவே 40 என்ற நீளத்தில் இந்தப் பெயர் அடங்கும். ஒரக்கிள், வேறு மாதிரி அமைக்காவிட்டால், பைட்டாக எண்ணும். 40 இல் அடங்காது. கருவி உருவாக்கும் படிவமோ 40 எழுத்து வரை அடிக்கலாம் என்று அனுமதித்துவிட்டு, சேமிக்கும்போது பிழை காட்டக்கூடும். எஸ்கியூஎல் சேர்வரில் சாதாரண வார்கார் என்ற எழுத்து வகைக் கொலமாக இருந்தால் தமிழ் கேள்விக்குறிகளாகிவிடும். 2019 பதிப்பில் வந்த யூடிஎஃப்-8 எழுத்து ஒழுங்குமுறையை (கொலேஷன்) பயன்படுத்தினால் ஒழிய, யுனிகோடை ஏற்கும் என்வார்கார் வகை வேண்டும்.

தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் பாருங்கள். பழையது 9 இலக்கமும் ஓர் எழுத்தும், மொத்தம் 10. 2016 முதல் வழங்கப்படுவது 12 இலக்கம். பழைய டேபிளில் 10 என்று நீளம் வைத்திருந்தால் புது அட்டைக்காரரைப் பதிய முடியாது. 12 ஆக்கினாலும், பழைய இலக்கத்தின் கடைசியில் வீ அல்லது எக்ஸ் வர வேண்டும், நடுவில் வரும் மூன்று இலக்கம் பிறந்த நாளைக் காட்டும், பெண்களுக்கு அதில் 500 கூட்டப்பட்டிருக்கும் என்பதெல்லாம் எந்த இன்ஃபொர்மேஷன் ஸ்கீமாவிலும் இல்லை. இந்த மாதிரி விதியை நீங்கள்தான் எழுத வேண்டும். அப்படி எழுதிய கோட் எங்கே உட்காரும், அடுத்த முறை உருவாக்கும்போது உயிரோடு இருக்குமா என்பதில்தான் கருவிகள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுகின்றன.

மூன்று வழி

ஒரு வகைக் கருவி கோடை ஒரு தடவை எழுதிக் கொடுத்துவிட்டு விலகிவிடும். அதன்பின் கோட் உங்களுடையது. இன்னொரு வகை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழுவதையும் திரும்ப உருவாக்கும். உங்கள் சொந்தக் கோடை வைக்கத் தனி இடம் தரும். மூன்றாவது வகை திரைக்கென்று கோடே எழுதாது. ஓடும் நேரத்தில் அமைப்பைப் படித்துத் திரையை அப்போதே வரையும்.

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் கடைக்கு நான் முதலில் நினைப்பது அதில்தான் இருக்கிறது: ஜாங்கோ. 2005 இல் வெளியான பைத்தன் மொழி ஃபிரேம்வர்க் (வலை மென்பொருள் கட்ட உதவும் அடித்தளக் கோட் தொகுப்பு). இன்ஸ்பெக்ட்டிபி என்ற ஒரே கட்டளை, இருக்கும் டேட்டாபேஸைப் படித்து டேபிளுக்கு ஒரு மொடல் வகுப்பு (அந்த டேபிளை விவரிக்கும் கோட் துண்டு) எழுதித் தரும். அந்த மொடல்களை ஜாங்கோவோடு வரும் அட்மின் என்ற நிர்வாகப் பகுதியில் பதிவு செய்தால் பட்டியல், தேடல், படிவம், நீக்கம், பயனர் அனுமதி, யார் எதை மாற்றினார் என்ற வரலாறு எல்லாம் வந்துவிடும். மொடல் மட்டும்தான் கோடாக இருக்கிறது, திரைகள் அதிலிருந்து ஓடும்போது உருவாகின்றன. ஆகவே ஒரு கொலம் கூடினால் மொடலில் ஒரு வரி கூட்டினால் போதும். அடையாள அட்டை விதியை அட்மின் படிவத்துக்கான தனி வகுப்பில் எழுதலாம். அதை யாரும் அழிக்க மாட்டார்கள்.

இன்ஸ்பெக்ட்டிபி தருவதை அப்படியே பயன்படுத்த முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அது எழுதும் மொடல்களில் மானேஜ்ட் என்ற அமைப்பின் மதிப்பு ஃபோல்ஸ் (இல்லை) என்று இருக்கும். டேபிள் அமைப்பை ஜாங்கோ தொடாது என்று அர்த்தம். பழைய மென்பொருளும் அதே டேட்டாபேஸில் ஓடும் வரை இது பாதுகாப்பு, மாற்றாதீர்கள். பெயர் காட்டும் ஃபங்ஷன் எதுவும் இருக்காது, அதனால் தெரிவுப் பெட்டியில் கடைப் பெயர்களுக்குப் பதிலாகக் கஸ்டமர்ஸ் ஆப்ஜெக்ட் (17) என்று வரிசையாக நிற்கும். மொடலுக்கு ஒரு இரண்டு வரி எழுதினால் தீரும். வாடிக்கையாளர் ஆயிரக்கணக்கில் இருந்தால் அந்தப் பெட்டி அத்தனையையும் ஒவ்வொரு முறையும் இழுத்துவந்து திரையை முடக்கும், 2.0 பதிப்பிலிருந்து இருக்கும் தானாக நிரப்பும் தேடலுக்கு மாற்ற வேண்டும். இரண்டு கொலம் சேர்ந்த பிரைமரி கீயை 5.2 பதிப்பு மொடலில் ஏற்கிறது, ஆனால் அத்தகைய மொடலை அட்மினில் பதிய முடியாது. பழைய டேட்டாபேஸில் இன்வொய்ஸ் இலக்கமும் வரிசை இலக்கமும் சேர்ந்து கீயாக இருப்பது சர்வ சாதாரணம். அந்த டேபிளுக்கு ஒரு தனி ஐடி கொலம் கூட்டுவதுதான் வழி.

இன்னொரு எல்லையும் உண்டு. அட்மின் ஒரு நிறுவனத்தின் உள் வேலைக்கு மட்டும்தான் என்று ஜாங்கோவின் ஆவணமே சொல்கிறது. வெளி வாடிக்கையாளர் ஓடர் போடும் பக்கத்தை அதில் கட்டாதீர்கள்.

பிஎச்பி மொழிப் பக்கம் வந்தால் நிலைமை கொஞ்சம் வேறு. மலிவாகக் கிடைக்கும் ஹோஸ்டிங் பெரும்பாலும் பிஎச்பிக்கும் மைஎஸ்கியூஎல்லுக்கும் ஆனது, பிஎச்பி தெரிந்தவர்களும் கொழும்பில் எளிதாகக் கிடைப்பார்கள். யீ ஃபிரேம்வர்க்கோடு வரும் ஜிஐஐ எனக்கு இன்றும் பிடித்த கருவி. ஒரு தடவை எழுதிக் கொடுக்கும் வகைதான். ஆனால் திரும்ப உருவாக்கப் போனால், இருக்கும் ஃபைலுக்கும் புதிய ஃபைலுக்கும் என்ன வித்தியாசம் என்று வரிக்கு வரி காட்டி, எந்த ஃபைலை மாற்றலாம் என்று கேட்கும். மௌனமாக எதையும் அழிக்காது. உருவாகும் கோடும் படிக்கக்கூடியது. புதிதாக வருபவர் அதைப் பார்த்தே யீயைக் கற்றுக்கொள்ளலாம். உள் கொம்பியூட்டரைத் தவிர வேறெங்கிருந்தும் அது திறக்காதபடி இயல்பாகவே பூட்டியிருக்கும்; அந்தப் பூட்டை நேரடி சேர்வரில் திறந்து விடாதீர்கள்.

லாராவெல் என்ற பிஎச்பி ஃபிரேம்வர்க்கை விரும்புகிறவர்களுக்கு ஃபிலமெண்ட் இருக்கிறது. திரைகள் மிக அழகு, இலவசம். டேபிளின் கொலங்களைப் பார்த்துப் படிவத்தையும் பட்டியலையும் எழுதித் தரும். ஆனால் மொடல் வகுப்புகள் ஏற்கெனவே இருக்க வேண்டும், லாராவெல் பெயர் வைக்கும் முறையை அது எதிர்பார்க்கும்; கொலத்தின் பெயர் எப்படி முடிகிறது என்று பார்த்துத்தான் உறவை ஊகிக்கும். பதினைந்து வருடத்துக்கு முன் தன் இஷ்டத்துக்குச் சுருக்கிப் பெயர் வைத்தவரின் டேட்டாபேஸில் இந்த ஊகம் பலிக்காது. புதிதாக டேபிள் அமைப்பதானால் ஃபிலமெண்ட், பழையதை எடுத்து நடத்துவதானால் ஜிஐஐ அல்லது ஜாங்கோ என்பேன்.

மைக்ரோசொஃப்ட் வழியில் இருப்பவர்களுக்கு என்டிட்டி ஃபிரேம்வர்க் கோர் என்ற டொட்நெட் கருவி. எஸ்கியூஎல் சேர்வர் டேட்டாபேஸைப் படித்து வகுப்புகள் எழுதும் அதன் ஸ்கஃபோல்ட் கட்டளை உறுதியானது. ஃபோர்ஸ் என்ற தெரிவோடு திரும்ப ஓடவிட்டால் ஃபைல்களை மேலெழுதும், ஆனால் வகுப்புகள் பார்ஷல் (பல ஃபைல்களில் பிரித்து எழுதக்கூடியவை) என்று எழுதப்படுவதால் உங்கள் கோடைப் பக்கத்தில் இன்னொரு ஃபைலில் வைத்துக்கொள்ளலாம். 7 ஆம் பதிப்பிலிருந்து, கோட் உருவாகும் வார்ப்புருக்களையே திருத்தலாம். கொலத்துக்கு எழுதிய குறிப்பைத் தமிழ் லேபிளாக எடுக்கும்படி ஒரு தடவை வார்ப்புருவை மாற்றினால் எல்லாத் திரைக்கும் அது போய்ச் சேரும். இதன் மேல் மைக்ரோசொஃப்டின் வலை ஃபிரேம்வர்க்கான ஏஎஸ்பி டொட்நெட் உருவாக்கும் திரைகள் மட்டும் ஒரு தடவை வகை. திரும்ப உருவாக்கினால் திருத்தம் போய்விடும். மொடலைத் திரும்பத் திரும்ப உருவாக்குங்கள், திரையை ஒரு முறை மட்டும்.

டெவலப்பர் இல்லாத கடைக்கு

கோட் எழுத ஆளே இல்லை, அல்லது வருடத்துக்கு இரண்டு முறை வந்து போகும் ஒருவர்தான் இருக்கிறார் என்றால், விலை கொடுத்து வாங்கும் பிஎச்பி மேக்கர், ஆப்ஜினி போன்றவற்றைத் தள்ளிவிடாதீர்கள். டெவலப்பர்கள் இவற்றை மதிப்பதில்லை, அது நியாயமில்லை. இரண்டுமே திரும்ப உருவாக்கும் வகை. பிஎச்பி மேக்கரில் நீங்கள் எழுதும் கோட், சேர்வர் ஈவன்ட் என்ற இடங்களில் புரொஜெக்ட் ஃபைலுக்குள் சேமிக்கப்படும், எத்தனை முறை உருவாக்கினாலும் அது மறுபடி உள்ளே போய் உட்காரும். ஆப்ஜினியில் ஹூக்ஸ் என்று ஒரு ஃபோல்டர். உருவாக்கும்போது அதற்குள் இருப்பதை அது தொடாது. மேலே கேட்ட ஆறு மாதக் கேள்விக்கு இவை தெளிவான பதில் வைத்திருக்கின்றன.

பலவீனம் வேறு இடத்தில். வெளியே வரும் பிஎச்பி கோடைக் கையால் தொடக் கூடாது, தொட்டால் அடுத்த முறை போய்விடும். ஆகவே புரொஜெக்ட் ஃபைல்தான் உண்மையான மென்பொருள். அது டெவலப்பரின் லப்டொப்பில் மட்டும் இருந்து, அவர் வேலையை விட்டுப் போனால், ஓடும் திரைகளைத் திருத்த வழியே இல்லை. புரொஜெக்ட் ஃபைலும் உரிமமும் கடையின் பெயரில், கடையின் கையில் இருக்க வேண்டும்.

மைக்ரோசொஃப்ட் அக்சஸை இன்னும் பலர் கேட்கிறார்கள். ஒரே அலுவலகத்துக்குள் நாலைந்து பேர் என்றால் இன்றும் வேகமாகத் திரை கட்ட அதை மிஞ்ச அதிகம் இல்லை. ஃபைலுக்கு 2 ஜிபி எல்லை உண்டு. தரவை மைஎஸ்கியூஎல்லில் வைத்து, டேபிள்களை இணைத்துக்கொண்டால் அது பிரச்சினை இல்லை. ஆனால் பிரவுசரில் ஓடாது. கடை ஓர் இடத்திலும் களஞ்சியம் இன்னோர் இடத்திலும் இருந்தால் அது போதாது.

ஒரக்கிள் வைத்திருந்தால்

ஒரக்கிள் டேட்டாபேஸ் ஏற்கெனவே இருக்கும் கொம்பனியில் நான் வேறெதையும் தேட மாட்டேன். ஒரக்கிளின் சொந்தத் திரை கட்டும் கருவியான ஏபெக்ஸ் 2004 இல் எச்டிஎம்எல் டிபி என்ற பெயரில் தொடங்கியது. டேட்டாபேஸ் உரிமத்துக்குள் அடங்கியது, தனிக் கட்டணம் இல்லை. திரைகளின் விவரம் டேட்டாபேஸுக்குள்ளேயே தரவாக இருக்கும், ஒரக்கிளின் சொந்த நிரல் மொழியான பிஎல்எஸ்கியூஎல் அதைப் படித்துப் பக்கத்தை வரையும். விசார்ட்டில் டேபிளைக் காட்டினால் பட்டியலும் படிவமும், தலைப்பும் வரிகளும் சேர்ந்த திரையும் வந்துவிடும். பயனரே பட்டியலை வடிகட்டி, தொகுத்து, தனக்கென்று சேமித்துக்கொள்ளலாம். கணக்குப் பகுதியினர் இதற்காகவே அதை விரும்புவார்கள்.

ஒரக்கிள் இல்லாத கடை, ஏபெக்ஸுக்காக ஒரக்கிளுக்கு மாறலாமா? இலவசமான 21சி எக்ஸ்பிரஸ் எடிஷனில் 12 ஜிபி தரவு, 2 ஜிபி நினைவகம், 2 சிபியு திரெட் என்ற எல்லைகள் உண்டு. நம் இரும்புக் கடைக்கு 12 ஜிபி தாராளம். ஆனால் அந்த எல்லையைத் தாண்டினால் வரும் உரிமக் கட்டணம் சிறு கடைக்கு எட்டாதது. பிஎல்எஸ்கியூஎல் தெரிந்தவரைப் பிடிப்பதும் பிஎச்பிக்காரரைப் பிடிப்பது போல எளிதல்ல. மாற வேண்டாம் என்பது என் கருத்து.

மாத வாடகைக்குக் கிடைக்கும் கிளவுட் கருவிகளுக்கும் இதே கணக்குப் பொருந்தும். ரீடூல் போன்றவை நன்றாகவே வேலை செய்கின்றன, ஆனால் பயனருக்கு இவ்வளவு டொலர் என்று கட்ட வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்துக்குள் 350 ஐத் தாண்டியதை இங்கே யாரும் மறக்கவில்லை. கடையின் அன்றாட பில் போடும் திரை டொலர் விலையில் தொங்கக் கூடாது. நோகோடிபி, டைரக்டஸ் போன்றவற்றைச் சொந்த சேர்வரில் நிறுவலாம். இருக்கும் டேட்டாபேஸை இணைத்தவுடன் எக்செல் போலத் திறந்து காட்டும் நோகோடிபி, பொருட்களின் விலையைத் திருத்துவது போன்ற தனி டேபிள் வேலைகளுக்கு அருமை. இன்வொய்ஸ் போட அது உகந்ததல்ல. ஜேஹிப்ஸ்டர் நூற்றுக்கணக்கான ஃபைல்களை உருவாக்கும், பெரிய ஜாவா குழுக்களுக்கானது. ஒரு டெவலப்பர் உள்ள கடைக்குப் பாரம். ஹசுரா ஏபிஐ (மென்பொருள்கள் தமக்குள் தரவு பரிமாறும் வழி) மட்டும் தரும், படிவம் தராது.

செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் டேபிள் அமைப்பைக் கொடுத்துத் திரை எழுதச் சொல்வது இப்போது பலரின் முதல் யோசனை. ஒரு திரைக்கு நன்றாக எழுதும். அடையாள அட்டை விதி போன்றவற்றையும் சொன்னால் எழுதும். ஆனால் ஒரே அமைப்பை இரண்டு முறை கொடுத்தால் இரண்டு மாதிரிக் கோட் வரலாம். 60 டேபிளுக்கும் ஒரே ஒழுங்கு வேண்டும் என்றால் அடித்தளத்தை ஜாங்கோ அல்லது ஜிஐஐ போன்ற மாறாத கருவியால் போட்டு, அதன் மேல் வரும் தனி விதிகளுக்கு உதவியாளரைப் பயன்படுத்துவது நல்லது.

எந்தக் கருவியும் செய்யாதவை

ஒரே பதிவை இருவர் ஒரே நேரத்தில் திறந்து திருத்தினால்? களஞ்சியத்தில் ஒருவர் சீமெந்து இருப்பைக் குறைக்கிறார், அதே நேரம் கடையில் ஒருவர் அதன் விலையை மாற்றிச் சேமிக்கிறார். ஜாங்கோ அட்மினில் கடைசியாகச் சேமித்தவரின் படிவம் அப்படியே மேலெழுதும். முதலாமவரின் மாற்றம் சத்தமில்லாமல் போகும். ஏபெக்ஸ் படிவம் தானாகவே சரிபார்த்து, இடையில் வேறொருவர் மாற்றிவிட்டார் என்று தடுக்கும். அக்சஸும் முரண்பாடு என்று எச்சரிக்கும். என்டிட்டி ஃபிரேம்வர்க், டேபிளில் ரோவேர்ஷன் கொலம் (பதிவு மாறும்போதெல்லாம் தானாக மாறுவது) இருந்தால் அதைக் கண்டுகொண்டு காக்கும்; இல்லாவிட்டால் இல்லை. ஜாங்கோவை எடுத்தால் இந்தக் காவலை நீங்கள் எழுதியே ஆக வேண்டும்.

இன்வொய்ஸ் திரையும் டேபிள் திரையல்ல. தலைப்பு, வரிகள், இருப்புக் குறைப்பு, வாடிக்கையாளர் நிலுவை நான்கும் சேர்ந்தே நடக்க வேண்டும், அல்லது ஒன்றும் நடக்கக் கூடாது. உருவாக்கப்பட்ட படிவங்களை வைத்து இதை ஒப்பேற்றப் பார்க்காதீர்கள். 60 டேபிளில் இப்படிப்பட்டவை நாலைந்துதான் இருக்கும். அவற்றின் திரைகளைக் கையால், நிதானமாக எழுதுங்கள். கருவி மிச்சப்படுத்திய நேரம் இதற்குத்தான்.

வற் வரியை எடுத்துக்கொண்டால் 2022 ஜூனில் 12%, செப்டெம்பரில் 15%, 2024 ஜனவரியில் 18% என்று இரண்டு வருடத்துக்குள் மூன்று முறை மாறியது. டேபிளில் வரிவீதத்தை இயல்பு மதிப்பாக எழுதி வைத்திருந்தால் கருவி அதை நம்பிப் படிவத்தில் போடும். வீதத்தையும் அது தொடங்கும் திகதியையும் தனி டேபிளில் வையுங்கள்; அதற்கும் ஒரு திரை இலவசமாகவே வரும்.

அப்புறம், கருவி எல்லாக் கொலத்தையும் பட்டியலில் காட்டவே முனையும். ஊழியரின் அடையாள அட்டை இலக்கம், சம்பளம், கைத்தொலைபேசி எல்லாம் கடையில் எவர் திறந்தாலும் தெரியும். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது முறையல்ல. ஜாங்கோவில் நீங்கள் பதிந்த மொடல் மட்டுமே தெரியும் என்பது இங்கே ஒரு நன்மை. நோகோடிபி போன்றவற்றில் முழு அனுமதியுள்ள டேட்டாபேஸ் பயனரைக் கொடுத்து இணைக்காமல், தேவையான டேபிள்களுக்கு மட்டும் அனுமதியுள்ள தனிப் பயனரை உருவாக்குங்கள்.

சரி, எதை எடுப்பது?

நாம் எடுத்துக்கொண்ட கடைக்கு, பைத்தன் தெரிந்த டெவலப்பர் இருந்தால் ஜாங்கோ. பிஎச்பி மட்டும் தெரிந்தவர் என்றால் யீயும் ஜிஐஐயும். நிரந்தரமாக யாரும் இல்லையென்றால் ஆப்ஜினி அல்லது பிஎச்பி மேக்கர். எஸ்கியூஎல் சேர்வரும் டொட்நெட்டும் உள்ள கொம்பனி அங்கேயே இருக்கட்டும், ஒரக்கிள் உள்ளவர்கள் ஏபெக்ஸை எடுக்கட்டும். மின்சாரமும் இணையமும் போன நாட்களை நினைத்து, எதை எடுத்தாலும் கடைக்குள் உள்ள ஒரு சேர்வரில் ஓடக்கூடியதாகப் பாருங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. யூபிஎஸ்ஸில் ஓடும் சின்ன சேர்வர் இருந்தால் அந்த மாதிரி நாளிலும் கொஞ்ச நேரமாவது கடைக்குள் பில் போடலாம்.

முடிவெடுக்கும் முன், இறுதியாகத் தெரிந்தெடுத்த இரண்டு கருவிகளையும் டேட்டாபேஸின் பிரதி ஒன்றில் சோதியுங்கள். வாடிக்கையாளர், இன்வொய்ஸ், இன்வொய்ஸ் வரிகள் ஆகிய மூன்று டேபிள் போதும். திரைகளை உருவாக்குங்கள். ஒரு லேபிளைத் தமிழில் மாற்றி, அடையாள அட்டை விதியைச் சேருங்கள். பிறகு டேபிளில் ஒரு கொலத்தைக் கூட்டி, இன்னொன்றின் பெயரை மாற்றி, மறுபடி உருவாக்குங்கள். லேபிளும் விதியும் இருக்கின்றனவா? சிவசுப்பிரமணியம் என்று அடித்துச் சேமித்துத் திரும்ப எடுங்கள். இரண்டு பிரவுசரில் ஒரே பதிவைத் திறந்து, இரண்டிலும் வெவ்வேறு கொலத்தை மாற்றிச் சேமியுங்கள். கடைசியாக, உருவான கோடை இதில் சம்பந்தப்படாத இன்னொரு டெவலப்பரிடம் கொடுத்து, ஒரு கொலத்தை மறைக்கச் சொல்லுங்கள். அவர் எந்த ஃபைலைத் திறப்பது என்று அரை மணித்தியாலத்துக்குள் கண்டுபிடிக்காவிட்டால் அந்தக் கருவியை விட்டுவிட்டு மற்றதை எடுங்கள்.